மடங்கிய விரலை நிமிர்த்திய கொல்லிமலை டாக்டர்!

முதலியார்பேட்டை கடலூர் ரோட்டில் காலையில் கடை ஷட்டரைத் தூக்குவது விரல். கல்லாவில் சில்லறை எண்ணுவதும் விரல். ரோடியர் மில் ஓடிய காலத்தில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டு எத்தனையோ வீடுகளில் உலை ஏற்றியதும் இதே விரல்தான்.

அந்த விரல் கோழிக்கால் போல மடங்கி, நிமிராமலே நின்றுவிட்டால்? பிழைப்பு போச்சு!

அப்படிப்பட்ட கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான். ஆனால் பிறந்தது நம்ம கொல்லிமலையில்!

உளி பிடித்த கை

1914-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவெலின் இருவரும் பாதிரி ஊழியத்துக்கு வந்து, மலை ஜனங்களுக்கு வைத்தியமும் பார்த்தவர்கள். 9 வயதில் மகனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அப்பாவின் முகத்தை மகன் பார்க்கவே இல்லை. 1929-ல் கொல்லிமலையிலேயே காய்ச்சல் கண்டு அப்பா இறந்துவிட்டார்.

டாக்டர் வேலையே வேண்டாம் என்று பால் முதலில் தச்சு வேலையும் கட்டிட வேலையும் கற்றார். பிறகு மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்த சமயம், காயம்பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

கிடைத்தது துப்பு!

செங்கல்பட்டு பக்கம் திருமணியில் உள்ள தொழுநோய் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்கப் போனார். எங்கு பார்த்தாலும் மடங்கிய கைகள். எலும்பு டாக்டர்கள் யாரும் இந்தக் கைகளை ஏன் தொடவில்லை என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்த மடங்கிய கை பிடித்த பிடியில் டாக்டருக்கே வலி தாங்கவில்லை! அப்படியானால் கையில் இன்னும் பலம் இருக்கிறது. துப்பு கிடைத்துவிட்டது.

முழங்கை இடித்தால் சுரீர் என்று கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்பைத்தான் தொழுநோய்க் கிருமி முக்கியமாகத் தாக்குகிறது. உள்ளங்கையில் உள்ள சின்னத் தசைகள் செத்துப்போய் விரல் மடங்குகிறது. ஆனால் முன்கையில் உள்ள நல்ல தசைகள் பல பிழைத்திருக்கின்றன.

பிழைத்த தசையின் நாணை எடுத்து, இடம் மாற்றி, விரலில் தைத்தார் பிராண்ட். பொம்மலாட்டக்காரர் அறுந்த கயிற்றுக்குப் பதில் வேறு கயிறு கட்டுவது போலத்தான். 1948-ல் இந்த ஆபரேஷன்கள் தொடங்கின. மூட்டு இறுகிப் போனவர்களுக்கு முதலில் மெழுகு ஒத்தடம், பயிற்சி. ஆபரேஷன் முடிந்ததும் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு, புதுக் கயிற்றை இழுக்க மூளைக்கே பாடம். விரல்கள் நிமிர்ந்தன!

பிச்சையும் போச்சு

பிறகுதான் புதுச் சிக்கல். குணமான சிலர் திரும்பி வந்து வருத்தப்பட்டார்கள். கை கோணலாக இருந்தபோது பிச்சையாவது விழுந்தது. இப்போது அதுவும் இல்லை. தொழுநோய்க்காரன் என்று வேலை தருவாரும் இல்லை.

டாக்டர் யோசித்தார். 1951-ல் வேலூரில் நவஜீவ நிலையம் பிறந்தது. அங்கே தச்சு வேலை, பொம்மை செய்யும் வேலை. சொல்லிக் கொடுத்தவர்களில் டாக்டரும் ஒருவர். இளமையில் பிடித்த உளி கைகொடுத்தது!

விரலைத் திருடியது யார்?

தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் உலகமே நம்பியது. பிராண்ட் நம்பவில்லை. விசாரணையில் இறங்கினார்.

துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாமல் திணறியபோது, ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு வலியே இல்லை!

சிலருக்கு ராத்திரி இருந்த விரல் காலையில் இல்லை. தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. அதுவும் தெரியவில்லை. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

ஆக, விரலைக் கொண்டுபோனது நோய் நேரடியாக அல்ல. வலி என்ற காவல்காரன் இல்லாத வீட்டில் நடந்த கொள்ளை அது!

நடுங்க வைத்த ராத்திரி

இங்கிலாந்து போயிருந்த சமயம், ஒரு நீண்ட ரெயில் பயணம் முடிந்து காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது, மனைவி மக்களை விட்டு ஒதுங்கி வாழ வேண்டியதுதான் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்திப் பார்த்தார். சுரீர் என்று வலித்தது! வெகுநேரம் உட்கார்ந்து வந்ததில் கால் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

1960-ல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது. மனைவி மார்கரெட்டும் டாக்டர். தொழுநோயாளிகளின் கண்ணைக் காப்பாற்றியவர். 1966-ல் குடும்பம் அமெரிக்கா போனது. அங்கே, சர்க்கரை நோயில் மரத்துப் போகும் காலுக்கும் இதே ஆபத்து என்று எடுத்துக் காட்டினார். 2003 ஜூலை 8-ந் தேதி சியாட்டில் நகரில் காலமானார். வயது 88.

இன்று தொழுநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். முழுசா குணமாகும். தோலில் மரத்துப் போன தேமலோ, சர்க்கரைக்காரர் காலில் தெரியாமல் வந்த புண்ணோ இருந்தால் அலட்சியமா விடாதீங்க.

ராத்திரி ஷட்டரை இறக்கும்போது விரல் நசுங்கி அய்யோ என்று கத்தும் முதலியார்பேட்டை கடைக்காரர், அந்த வலிக்கு ஒரு கும்பிடு போடலாம். விரல் பத்தும் பத்திரமாக இருப்பது அதனால்தான்.