கிளோட் பெர்னார்

உயிருள்ள உடம்பினுள் நிகழ்வனவற்றை ஆராய்ந்தறிந்த பேரறிஞருள் பிரெஞ்சு நாட்டுக் கிளோட் பெர்னார் தலையாயவர். இவர் 1813-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள், திராட்சை பயிரிட்டு வாழ்ந்த எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையில் லியோன் நகரத்து மருந்துக்கடையொன்றில் தொழில் பயின்றார். ஆயினும் அவருள்ளம் நாடகத்தையே நாடிற்று. தாம் இயற்றிய நாடகமொன்றைக் கையிற்கொண்டு 1834-இல் பாரிஸ் மாநகர் புகுந்தார். அதனைப் படித்த இலக்கியப் பேராசிரியரொருவர், மருத்துவம் கற்றுப் பிழைக்குமாறு அறிவுறுத்தினார். அவ்வறிவுரையால் நாடகமேடை இழந்தவரை ஆராய்ச்சிச்சாலை பெற்றது.

மஜாந்தி என்னும் புகழ்பெற்ற பேராசிரியருக்கு உதவியாளராயிருந்து, 1843-இல் பெர்னார் மருத்துவப் பட்டம் பெற்றார். சர்க்கரையைத் தாவரங்களே ஆக்கும், விலங்குகள் அதனை உண்டு செலவிடுமேயன்றி ஆக்கமாட்டா என்பது அக்காலத்தார் கொள்கை. பெர்னார் நாய்களுக்கு இறைச்சியையே உணவாக அளித்துச் சோதித்தார். 1848-இல், அவற்றின் கல்லீரலினின்று வெளிவரும் இரத்தத்திலும் சர்க்கரை இருக்கக் கண்டார். 1855-இல், கல்லீரலொன்றைச் சர்க்கரை அறவே நீங்குமளவும் நீரினாற் கழுவி வைத்தார். மறுநாள் பார்க்க, அதில் மீண்டும் சர்க்கரை மிகுந்திருந்தது. அதற்கு மூலமாகிய கிளைக்கோஜன் என்னும் பொருளை 1857-இல் பிரித்தெடுத்தார்.

ஒருநாள் அவரிடம் கொணரப்பட்ட முயல்களின் சிறுநீர், தழையுண்ணும் விலங்குகளுக்குரியவாறு கலங்கியிராமல், ஊனுண்ணும் விலங்குகளினுடையதுபோலத் தெளிந்து புளிப்புத்தன்மையுற்றிருந்தது. அவை நெடுநேரம் பட்டினி கிடந்தமையால் தம் உடம்பின் தசையையே உணவாகக் கொண்டனவென அவர் உய்த்துணர்ந்தார். புல்லிட்டார், சிறுநீர் கலங்கிற்று. மீண்டும் பட்டினியிட்டார், தெளிந்தது. முயலின் மூளையடியில் ஓரிடத்தை ஊசியாற் குத்தினால் அதன் சிறுநீரிற் சர்க்கரை தோன்றுமென்பதையும் 1849-இல் அவர் கண்டிருந்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். உயிருள்ள உடம்போ, உண்டபோது ஒருவிதமாயும் பசித்தபோது வேறுவிதமாயும் இயங்குவது. ஆதலின், விலங்கின் நிலையை அறியாது செய்யும் சோதனை பயனற்றதென 1865-இல் வெளியிட்ட நூலில் அவர் நிலைநாட்டினார்.

இப்புகழுக்கு அவர் இல்லறத்தில் விலை கொடுக்க நேர்ந்தது. உயிர்ப்பிராணிகளை அறுத்துச் சோதிப்பதை அவர் மனைவியாரும் புதல்வியரும் வெறுத்தனர். முடிவில் அவரைப் பிரிந்து வாழலாயினர். அவர்தம் வெறுப்பு நியாயமற்றதென்று யாம் கூறத் துணியோம். 1878-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 10-ஆம் நாள் பெர்னார் காலமானார். விஞ்ஞானி ஒருவருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் தன் செலவில் இறுதிமரியாதை செய்தது அதுவே முதன்முறை.

இன்று எலிகளை அறுக்காமலே, சர்க்கரை அவற்றின் உடம்பிற் செல்லும் இடங்களைப் படமெடுத்துக் காண்கின்றனர். கதிர்வீசும் புளூரின் சேர்ந்த குளுக்கோஸ் போன்ற பொருளைச் செலுத்துகின்றனர். அப்புளூரின் ஏறக்குறைய 110 நிமிஷங்களிற் பாதியாகத் தேயும். எலி உண்டிருந்தால் இன்சுலின் பெருகி அப்பொருளைத் தசைகளுக்கு ஈர்க்கும். குளிரில் நடுங்கினால், வெப்பந்தரும் பழுப்புநிறக் கொழுப்பு அதனைக் கவரும். மயக்கமருந்துகளுட் சில இரத்தச் சர்க்கரையை உயர்த்த, அதனோடு போட்டியிடும் அப்பொருள் புற்றுக்கட்டியிற் குறைவாகவே சேரும். எனவே ஊசியிடுமுன் எலியைப் பட்டினியிட்டு, கதகதப்பில் வைத்து, இரத்தச் சர்க்கரையை அளந்தறிகின்றனர். சிற்றுயிர்தானேயென்று இவற்றைக் கவனியாது விடுவோர், அவ்வுயிரையும் வீணாக்கி, நோயாளிக்கும் உதவாத விடையையே பெறுவர்.