பகலொளியைப் போற்றிய வில்லியம் வில்லட்

நுழையும் முன்

கடிகாரத்தின் முள்ளை மனிதர் திருப்பலாம். கதிரவனைத் திருப்ப இயலாது. ஆயினும் கடிகாரத்தைச் சற்றே முன்னால் நகர்த்தினால் மக்களின் மாலைப்பொழுது வெளிச்சம் பெறும் என்று ஒருவர் நம்பினார். அதற்காக எட்டாண்டுகள் ஓயாது உழைத்தார். அவருடைய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

மணியும் ஒளியும்

இடுக்கி மலைகளில் பொழுது புலரும் முன்பே மனிதர் நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. கம்பம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப் வண்டிகள் இருளிலேயே மலையேறுகின்றன. மூணாற்றின் லயன் வீடுகளில் அடுப்புகள் எரிகின்றன. தேயிலைத் தோட்டப் பெண்கள் பெரட்டுக் களத்தில் கூடி, அன்றைய வேலையைக் கேட்டறிந்து, கொழுந்து பறிக்கச் செல்கின்றனர். இவர்களுடைய வேலைநாள் கடிகார மணியால் அளக்கப்படுகிறது. ஆனால் முற்றிய இலையையும் இளங்கொழுந்தையும் பிரித்துக் காண்பதற்குக் கதிரவனின் ஒளியே வேண்டும்.

கடிகார மணியும் கதிரவனின் ஒளியும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை. இவ்விரண்டையும் நெருங்கச் செய்யும் வழியைத் தேடியவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர் வில்லியம் வில்லட் என்னும் ஆங்கிலேயர். அவர் அறிவியலாளரும் அல்லர், அரசியல்வாதியும் அல்லர், வீடு கட்டும் தொழிலைச் செய்தவர்.

இளமையும் தொழிலும்

வில்லட் 1856ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்த ஃபார்னம் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையாரின் பெயரும் வில்லியம் வில்லட்டே. கல்வியை முடித்துச் சிறிது காலம் வணிகப் பயிற்சி பெற்ற பின்னர், மகனும் தந்தையின் கட்டுமானத் தொழிலில் இணைந்தார். லண்டன் மாநகரிலும் ஹோவ் என்னும் கடற்கரை நகரிலும் இருவரும் பல வீடுகளைக் கட்டினர். உறுதிக்கும் அழகுக்கும் பெயர்பெற்றமையால், வில்லட் கட்டிய வீடு என்று சொல்வதே அவ்வீட்டிற்கு ஒரு சிறப்பாயிற்று.

தொழிலில் வளம் பெற்ற வில்லட், லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள சிசில்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் குடியமர்ந்தார். காலை உணவுக்கு முன்னர்க் குதிரையேறி அருகிலுள்ள பெட்ஸ் உட் என்னும் காட்டுப்பகுதியில் உலவி வருவது அவருடைய வழக்கம்.

மூடியிருந்த சன்னல்கள்

கோடைக்காலக் காலைகளில் அவ்வாறு செல்லும்போது ஒரு காட்சி அவர் மனத்தை உறுத்தியது. கதிரவன் எழுந்து நெடுநேரமாகியும், வழியிலுள்ள வீடுகளின் சன்னல்திரைகள் மூடியே இருந்தன. மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். அதே மக்கள் மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பிச் சிறிது நேரத்திற்குள் இருள் சூழ்ந்துவிடும். உடனே விளக்கேற்ற வேண்டும். வில்லட் மாலையில் கோல்ஃப் ஆடுவதில் விருப்பமுடையவர். இருள் வந்து ஆட்டத்தை நிறுத்தும்போதெல்லாம், காலையில் வீணான ஒளி அவர் நினைவுக்கு வந்தது.

வில்லட்டின் கவலையைப் புரிந்துகொள்ள அந்நாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். பாலக்காடும் மூணாறும் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 10 பாகை தொலைவில்தான் உள்ளன. ஆகவே இங்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி அளவே. லண்டனோ 51 பாகைக்கும் அப்பால் உள்ளது. அங்கு டிசம்பரில் பகற்பொழுது எட்டு மணிநேரத்தை எட்டுவதில்லை. ஜூன் மாதத்திலோ பதினாறரை மணிநேரத்தைத் தாண்டிவிடும். வில்லட் காலத்து மணிக்கணக்கின்படி, ஜூன் திங்களில் லண்டனில் கதிரவன் காலை 3.45 மணிக்கு முன்பே எழுந்து, இரவு 8.20 மணியளவில் மறையும். காலை ஒளியில் மூன்று மணிநேரம் உறக்கத்திலேயே கழிந்தது.

இருபது நிமிடத் திட்டம்

1907ஆம் ஆண்டு, பகலொளி வீணாவதைப் பற்றி வில்லட் ஒரு சிறு நூலைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அவர் கூறிய வழி எளியது. ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை 20 நிமிடம் முன்னால் நகர்த்த வேண்டும். நான்காம் வாரத்தில் மொத்தம் 80 நிமிடம் கூடியிருக்கும். செப்டம்பர் மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வாறே படிப்படியாகப் பின்னால் திருப்பிவிட வேண்டும்.

கடிகாரத்தை முன்னால் நகர்த்துவதால் பகலின் நீளம் ஒரு நொடியேனும் கூடுவதில்லை. காலை 4 மணிக்கு விடியும் நாளில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் வைத்தால், விடியும்போது அது 5 மணி எனக் காட்டும். மாலை 8 மணிக்கு இருள வேண்டியது 9 மணிக்கு இருளும். அலுவலகமும் தொழிற்சாலையும் பழைய மணிப்படியே திறந்து மூடுவதால், மக்கள் கதிரவனின் கணக்கில் ஒரு மணிநேரம் முன்னதாக எழுந்து, முன்னதாக வேலை முடிப்பர். காலையில் உறக்கத்தில் கழிந்த ஒளி, மாலையில் விளையாட்டுக்கும் உலாவுக்கும் பயன்படும். இதுவே பின்னர்ப் பகலொளி சேமிப்பு நேரம் என்றும் கோடைநேரம் என்றும் பெயர் பெற்றது.

தம் திட்டத்தால் ஒவ்வோர் ஆண்டும் 210 மணிநேரப் பகலொளி மக்களுக்குக் கிட்டும் என்று வில்லட் கணக்கிட்டார். விளக்கெரிக்கும் செலவில் நாட்டிற்கு 25 இலட்சம் பவுன் மிச்சமாகும் என்றும் அவர் கூறினார். பகல் முழுவதும் கட்டடங்களுக்குள் அடைபட்டு உழைப்போர் மாலையில் திறந்த வெளியில் இருக்க வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பமாக இருந்தது.

இதே எண்ணம் அவருக்கு முன்னரும் ஒருவருக்குத் தோன்றியிருந்தது. நியூசிலாந்து நாட்டில் அஞ்சல் நிலையப் பணியிலிருந்த ஜார்ஜ் ஹட்சன், ஓய்வு நேரத்தில் பூச்சியினங்களை ஆராய்ந்து வந்தார். கோடையில் கடிகாரத்தை இரண்டு மணிநேரம் நகர்த்தலாம் என்று அவர் 1895ஆம் ஆண்டிலேயே கூறினார். ஆயினும் இதை ஒரு நாட்டின் சட்டமாக்க அயராது போராடியவர் வில்லட்டே.

எதிர்ப்பும் ஏளனமும்

1908ஆம் ஆண்டு, ராபர்ட் பியர்ஸ் என்னும் உறுப்பினர் இத்திட்டத்தைச் சட்ட வரைவாகப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். வின்ஸ்டன் சர்ச்சில் போன்ற சிலர் ஆதரித்தனர். ஆனால் சட்டம் நிறைவேறவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முயற்சிகள் தோற்றன. பலர் வில்லட்டை ஏளனம் செய்தனர்.

எதிர்த்தோர் அனைவரும் அறியாமையால் எதிர்த்தனர் என்று கருதுதல் தவறு. உழவர்களின் வாதத்தில் உண்மை இருந்தது. புல்லின்மீது படிந்த பனி உலர்ந்த பின்னரே அதை உலர்தீவனமாகச் சேர்க்க முடியும். கடிகாரத்தைத் திருப்பியதற்காகப் பனி முன்னதாக உலராது. கூலியாட்களோ மணி பார்த்து வந்து, மணி பார்த்துச் செல்வர். ஆகவே காலையில் அவர்கள் காத்திருக்க நேரிடும்; வேலை சூடுபிடிக்கும் வேளையில் வீடு திரும்புவர். பசுவும் பழகிய வேளையிலேயே பால் தரும். கேரள நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். வெயில் ஏறுமுன் பட்டையைச் சீவினால்தான் பால் நன்கு வடியும். மரத்திற்குக் கடிகாரம் தெரியாது.

இவ்வாறு, நகரத்து அலுவலருக்கு நன்மையாவது நாட்டுப்புற உழவருக்குச் சுமையாகலாம் என்பது வெளிப்பட்டது. வில்லட் மனந்தளரவில்லை. தம் நூலைத் திருத்தித் திருத்திப் பல பதிப்புகளாக வெளியிட்டார். தம் பொருளையும் காலத்தையும் இப்பணிக்கே செலவிட்டார்.

காணாத வெற்றி

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1915ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், வில்லட் நச்சுக்காய்ச்சலால் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. அவர் விரும்பிய சட்டம் எந்நாட்டிலும் அதுவரை இயற்றப்படவில்லை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. போருக்கு நிலக்கரி தேவைப்பட்டது. விளக்குகளுக்குச் செலவாகும் எரிபொருளைக் குறைக்க அரசுகள் வழி தேடின. பிரித்தானியாவின் பகைநாடாகிய ஜெர்மனி, 1916 ஏப்ரல் 30ஆம் நாளிரவு கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் நகர்த்தியது. மூன்று வாரங்களில், மே 21ஆம் நாள், பிரித்தானியாவும் அவ்வாறே செய்தது. வில்லட்டின் நான்கு படிகளுக்கு மாறாக, ஒரே முறையில் ஒரு மணிநேரம் நகர்த்தும் முறை நிலைத்தது. பல நாடுகள் இன்றும் இதனைப் பின்பற்றுகின்றன.

தெற்காசியாவில் கடிகார மாற்றம்

இந்தியாவில் 1906 சனவரி முதல் நாள் பொதுநேரம் வகுக்கப்பட்டது. கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையில் கதிரவன் உச்சியை அடையும் நேரமே அதற்கு அடிப்படை. பாலக்காடு அக்கோட்டிற்கு மேற்கே ஏறக்குறைய 6 பாகை தள்ளி உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்னும் கணக்கின்படி, அங்குக் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12 மணி 23 நிமிடம் காட்டும். வில்லட் கேட்ட நான்கு படிகளில் முதற்படி 20 நிமிடம் அல்லவா? பாலக்காட்டு மக்கள் அந்த ஒரு படி முன்னேறிய கடிகாரத்துடனேயே ஆண்டு முழுவதும் வாழ்கின்றனர்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியப் பொதுநேரம் மேலும் ஒரு மணிநேரம் முன்னால் வைக்கப்பட்டது. அக்கணக்கின்படி, டிசம்பர் மாதத்தில் பாலக்காட்டில் கதிரவன் எழுவதற்குள் மணி ஏழரையைத் தாண்டிவிடும். போர் முடிந்ததும் பழைய நேரம் திரும்பியது. இலங்கையும் மின்பற்றாக்குறையை எதிர்கொள்ள 1996ஆம் ஆண்டு கடிகாரத்தை முன்னால் நகர்த்தியது; 2006 ஏப்ரலில் பழைய நேரத்திற்கே திரும்பியது. பகலின் நீளம் அதிகம் மாறாத நாடுகளில், மாலைக்குக் கடன் கொடுக்கும் அளவுக்குக் காலையில் மிகுந்த ஒளி இல்லை. கடன் கொடுத்தால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளரும் இருளில் நடக்க நேரிடும்.

காட்டில் ஒரு நினைவுச்சின்னம்

வில்லட் குதிரையேறி உலவிய பெட்ஸ் உட் காட்டின் ஒரு பகுதி மக்களின் நன்கொடையால் வாங்கப்பட்டு, அவர் நினைவாகப் பாதுகாக்கப்பட்டது. அங்கு அவருக்காக ஒரு நிழற்கடிகாரம் நிறுவப்பட்டுள்ளது. அது கோடைநேரத்தைக் காட்டுமாறு அமைக்கப்பட்டது. ஆகவே குளிர்காலத்தில் ஊரார் தம் கடிகாரங்களைத் திருப்பிவைத்த பின்னும், அக்கல்மீது விழும் நிழல் வில்லட்டின் நேரத்தையே காட்டி நிற்கிறது.

சொல்லும் பொருளும்

பெரட்டுக் களம் – தோட்டத்தில் தொழிலாளர் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடம்
லயன் வீடுகள் – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்
பாகை – வட்டத்தின் 360 பகுதிகளுள் ஒன்று
நெடுங்கோடு – வடமுனையையும் தென்முனையையும் இணைக்கும் கற்பனைக் கோடு
நிழற்கடிகாரம் – கதிரவனால் விழும் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கருவி

பயிற்சி

1. கோடைக்காலக் காலைகளில் வில்லட்டின் மனத்தை உறுத்திய காட்சி யாது?
2. கடிகாரத்தை முன்னால் நகர்த்தினால் காலை ஒளியும் மாலை ஒளியும் எவ்வாறு மாறும்? ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.
3. உழவர்கள் இத்திட்டத்தை எதிர்த்தமைக்குக் காரணங்கள் யாவை?
4. லண்டனுக்குப் பொருந்திய திட்டம் பாலக்காட்டிற்குப் பொருந்துமா? காரணம் கூறுக.
5. செயல்பாடு: பள்ளித் திடலில் ஒரு கோலை நேராக நடுக. நண்பகலையொட்டி ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அதன் நிழலை அளந்து, நிழல் மிகக் குறுகிய நேரத்தைக் குறித்துக்கொள்க. அது 12 மணியிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது? மாதந்தோறும் இவ்வாறு அளந்து, வேறுபாடு கூடுவதையும் குறைவதையும் அட்டவணைப்படுத்துக.
6. வீட்டிலுள்ள பெரியோரிடம் அவர்களுடைய வேலைநாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.