ஆளை மாத்தணுமா, குறையைச் சரி பண்ணணுமா? ஏவி.எம். செட்டியார் நின்ன இடம்!

உங்க டீம்ல ஒருத்தரோட வேலை உங்களுக்குத் திருப்தியா இல்லை. கூப்பிட்டுப் பேசணும். ரெண்டு வாரமா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கீங்க. பேசாம ஆளையே மாத்திடலாமேன்னு மனசு ஒரு பக்கம் குறுக்கு வழி சொல்லுது. இதே இடத்துல நின்ன ஒரு முதலாளி நம்ம செட்டிநாட்டுக்காரர்தான்.

நாச்சியாபுரம், குன்றக்குடி பக்கமிருந்து காரைக்குடிக்கு வந்துபோறவங்களுக்கு தேவகோட்டை ரோடு தெரிஞ்சிருக்கும். 1940-களில் அங்கே கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார் ஏ.வி.மெய்யப்ப செட்டியார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். 1907-ல் காரைக்குடியில் பிறந்தவர். கிராமபோன் தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்குப் போனார். 1935-ல் எடுத்த 'அல்லி அர்ஜுனா', 'ரத்னாவளி' இரண்டும் கையைக் கடித்தன. அதனாலேயோ என்னவோ, படத்தில் சின்னக் குறை இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

1945-ல் 'ஸ்ரீவள்ளி'. டி.ஆர்.மகாலிங்கத்துக்கு ஜோடி குமாரி ருக்மணி. நடிப்பு நன்றாக இருந்தது, பாட்டுதான் எடுபடவில்லை. அந்தக் காலத்தில் நடிக்கிறவங்களே பாடணும். செட்டியார் என்ன செய்தார் தெரியுமா? ருக்மணியைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, திரையில் ருக்மணியின் வாயசைவுக்கு அந்தக் குரலைப் பொருத்தினார். குறை குரலில், அதனால் குரலை மட்டும் மாற்றினார். படம் பெரிய வெற்றி.

கடினமான பேச்சுக்கு முன்னாடி நீங்க பண்ண வேண்டிய வீட்டுப்பாடமும் இதுதான். என்ன சரியில்லை என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்க. 'அவரே சரியில்லை' என்று வந்தால், நீங்க இன்னும் யோசிக்கவே இல்லைன்னு அர்த்தம்.

ஆனா இதே செட்டியார் ஏழு வருஷம் கழித்துத் தடுமாறினார். 'பராசக்தி' படத்தை நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியாரோடு சேர்ந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம். நாயகன் நாடக மேடையிலிருந்து வந்த கணேசன்; மாதச் சம்பளம் 250 ரூபாய். கொஞ்சம் எடுத்துப் போட்டுப் பார்த்தால், பையன் ஒல்லியாகத் தெரிகிறான். செட்டியாருக்குப் பிடிக்கவில்லை. கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்பது அவர் எண்ணம்.

பெருமாள் மறுத்துவிட்டார். கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஸ்டுடியோ செட்டியாருடையது, அனுபவமும் பெயரும் அவருடையவை. அவர் முன்னால் நின்று முடியாது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும்! நம்ம ஆபீஸ்கள்ல மேனேஜர்களுக்குத் தர்ற பயிற்சியெல்லாம் பெரும்பாலும் எப்படிச் சொல்றதுங்கறதுலயே நின்னுடுது. மறுத்துப் பேசறவரை எப்படிக் கேட்கறதுங்கற பாடம் அபூர்வம். செட்டியாரோட பெருமை, என்னைக் கேட்டால், இந்த இடத்தில்தான். ஆளை மாற்றும் பேச்சை விட்டுவிட்டு, கணேசனை வைத்தே படத்தை முடிக்க விட்டார்.

அதற்காகத் தன் அதிருப்தியை முழுங்கிவிடவும் இல்லை. படம் முடிந்த பிறகு திருப்தி தராத காட்சிகளைத் திரும்ப எடுக்கவைத்தார். அதற்குள் கணேசனுக்கும் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. 'ஸ்ரீவள்ளி'யில் செய்ததேதான்: ஆள் அப்படியே, குறை மட்டும் திருத்தம். ஃபிலிமும் பணமும் கூடுதலாகத்தான் ஆகியிருக்கும். 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17-ல் படம் வெளிவந்தது. அப்புறம் நடந்ததை உங்களுக்குச் சொல்லணுமா என்ன!

இரண்டே வருஷம். பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தை ஏவி.எம். எடுத்தது. நாயகன் வேடத்துக்கு வேறு நடிகர்களை வைத்துப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் செட்டியார் அழைத்தது யாரை? அதே கணேசனைத்தான். 1979-ல் செட்டியார் மறைந்தார். பல வருஷம் கழித்து, சிவாஜி முதன்முதலில் கேமரா முன் நின்ற இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள்; அது இருப்பது ஏவி.எம். ஸ்டுடியோவுக்குள்தான். சிவாஜியோ, பொங்கல் வந்தால் வேலூரில் பெருமாள் வீட்டுக்கு சீரோடு போய் நிற்பதை வழக்கமாக வைத்திருந்தார்.