குர்தித் சிங்

பாபா குர்தித் சிங் (ஆகஸ்ட் 25, 1860 – ஜூலை 24, 1954) பஞ்சாபைச் சேர்ந்த வணிகரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். 1914 ஆம் ஆண்டில் கோமகட்டா மாரு என்னும் ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, 376 பயணிகளுடன் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தார். கனடிய அரசு அவர்களைத் தரையிறங்க விடாமல் இரண்டு மாதங்கள் கப்பலிலேயே தடுத்து வைத்துத் திருப்பி அனுப்பியது.

இளமையும் வணிகமும்

அமிர்தசரசு மாவட்டத்திலிருந்த சர்ஹாலி என்ற ஊரில் பிறந்தார் (இவ்வூர் இன்று தரண் தாரண் மாவட்டத்தில் உள்ளது). தந்தை மலாயாவில் குடியேறியிருந்தார். 1885 இல் குர்தித் சிங்கும் அங்கு சென்று, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்தக்காரராகப் பொருள் ஈட்டினார்.

தொடர் பயண விதி

கனடாவும் இந்தியாவும் ஒரே பிரித்தானியப் பேரரசின் பகுதிகளாக இருந்ததால், இந்தியர்களைப் பெயர் குறிப்பிட்டுத் தடுப்பது அரசுக்குச் சங்கடமாக இருந்தது. எனவே 1908 இல், தாயகத்திலிருந்து ஒரே பயணச்சீட்டில் இடைநிற்காமல் வருவோர் மட்டுமே நுழையலாம் என்ற விதி கொண்டுவரப்பட்டது. அன்று இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடிக் கப்பல் சேவையே இல்லை. இந்தியர் என்ற சொல் விதியில் இல்லாவிட்டாலும் அது யாரைக் குறிவைத்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இதனுடன், ஆசியர்கள் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது.

1913 நவம்பரில், பனாமா மாரு கப்பலில் வந்த இந்தியர்களின் வழக்கில், இவ்விதிகள் குடிவரவுச் சட்டத்தோடு பொருந்தவில்லை எனத் தலைமை நீதிபதி ஹண்டர் தீர்ப்பளித்தார். இத்தீர்ப்பு ஹாங்காங்கில் காத்திருந்த பஞ்சாபியருக்கு நம்பிக்கை அளித்தது. ஆனால் 1914 ஜனவரியில் கனடிய அரசு குறைகளை நீக்கி விதிகளை மீண்டும் வெளியிட்டுவிட்டது.

வான்கூவரில் தடுத்துவைப்பு

ஏப்ரல் 4, 1914 அன்று ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட கப்பல், சாங்காய், மோஜி, யோக்கோகாமா வழியாக மே 23 அன்று வான்கூவரை அடைந்தது. பயணிகளில் 340 பேர் சீக்கியர். ஏனையோர் முஸ்லிம்களும் இந்துக்களும். குடிவரவு அதிகாரி மால்கம் ரீட், கப்பலைக் கரையில் கட்ட அனுமதிக்கவில்லை. காவல் படகுகள் இரவும் பகலும் கப்பலைச் சுற்றி வந்தன. மோஜியில் ஏற்றிய நிலக்கரியை விற்று வாடகைத் தவணையைச் செலுத்த எண்ணியிருந்த குர்தித் சிங், கரையில் கால் வைக்கவே இயலவில்லை. வழக்கறிஞர் எட்வர்ட் பேர்டு தம் கட்சிக்காரரைத் தனியே சந்திக்கவும் தடை இருந்தது. கப்பலில் உணவும் குடிநீரும் பலமுறை தீர்ந்தன. வான்கூவர் இந்தியர்கள் குழு அமைத்து, பணம் திரட்டித் தவணையைக் கட்டினர்.

முன்சி சிங் என்ற பயணியின் பெயரில் நடந்த மாதிரி வழக்கை ஜூலை 6 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. ஜூலை 19 பின்னிரவில், வான்கூவர் நகரக் காவலர்களும் குடிவரவுத் துறையினரும் நூற்றுக்கும் மேற்பட்டோர் சீ லயன் என்ற இழுவைப் படகில் வந்து கப்பலில் ஏற முயன்றனர். உள்ளூர்க் காவல்துறை குடிவரவு நடவடிக்கைக்கு நேரடியாகப் பயன்பட்ட நிகழ்வு இது. பயணிகள் நிலக்கரிக் கட்டிகளை வீசி அவர்களை விரட்டினர். பின்னர் ரெயின்போ என்ற போர்க்கப்பல் வரவழைக்கப்பட்டது. திரும்பும் பயணத்துக்கான உணவுப் பொருட்களை அரசு தர இசைந்த பின், ஜூலை 23 அன்று கப்பல் புறப்பட்டது. முன்பே கனடாவில் வாழ்ந்தவர்கள் உட்பட 24 பேர் மட்டுமே தரையிறங்கினர்.

பட்ஜ் பட்ஜ் துப்பாக்கிச் சூடு

கப்பல் கடலில் இருக்கும்போதே முதல் உலகப்போர் தொடங்கியது. செப்டம்பர் 29 அன்று கல்கத்தா அருகிலுள்ள பட்ஜ் பட்ஜில் இறங்கிய பயணிகளைச் சிறப்புத் தொடர்வண்டியில் பஞ்சாபுக்கு அனுப்பக் காவல்துறை முயன்றது. பெரும்பாலோர் மறுத்து, குரு கிரந்த் சாகிப்பைச் சுமந்துகொண்டு கல்கத்தா நோக்கி நடந்தனர். அவர்கள் திருப்பி அழைத்துவரப்பட்டனர். தொடர்வண்டி நிலையத்தருகே எழுந்த மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏறத்தாழ 20 பயணிகள் இறந்தனர். தம் மண்ணிலும் அவர்களுக்குத் தடையின்றி நடக்க உரிமை இருக்கவில்லை.

தலைமறைவும் பின்வாழ்வும்

குர்தித் சிங் தப்பி, ஏழு ஆண்டுகள் தலைமறைவாக வாழ்ந்தார். காந்தியின் அறிவுரைப்படி 1921 நவம்பரில் நன்கானா சாகிப்பில் தாமாகவே சரணடைந்தார். விடுதலையான சில நாட்களிலேயே மீண்டும் கைதாகிச் சிறை சென்றார். தம் பயணத்தைப் பற்றி நூலும் எழுதியுள்ளார். 1952 இல் பட்ஜ் பட்ஜில் நேரு நினைவுச்சின்னத்தைத் திறந்து வைத்தார். 1954 இல் குர்தித் சிங் காலமானார்.

இந்நிகழ்வுக்காகப் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றம் 2008 இல் மன்னிப்புக் கோரியது. மே 18, 2016 அன்று கனடிய நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவும், 2021 இல் வான்கூவர் நகரமும் மன்னிப்புக் கோரினர்.