கேணல் மக்கென்சியும் அவர் ஏட்டுச் செல்வமும்

பிரித்தானியரின் தேசிய நூலகமாய் இலண்டனில் விளங்கும் பிரித்தானிய நூலகத்திலும், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் ஒருவர் பெயரால் வழங்கும் பழஞ்சுவடித் தொகுதி உண்டு. தென்னிந்திய வரலாறு எழுதப் புகுந்த அறிஞர் பலர் அத்தொகுதிக்குக் கடப்பாடுடையவர். அதனைத் தொகுத்தவரோ தமிழ் கற்றவரல்லர். தெலுங்கும் கன்னடமும் வடமொழியும் அறிந்தவருமல்லர். அளவுச் சங்கிலியோடு காடும் மலையும் திரிந்த ஒரு படை எந்திரி அவர். கேணல் கொலின் மக்கென்சி என்பது பெயர். ஏட்டில் ஓரெழுத்தும் வாசிக்கமாட்டாத ஒருவர் ஏட்டுச் செல்வத்துக்கு உரியவரானது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை, பாதி அவர் வாழ்க்கையிலும் பாதி அவரோடிருந்த தென்னாட்டுப் பண்டிதர் சிலரின் வாழ்க்கையிலும் கிடக்கின்றது.

ஸ்கொத்லாந்தின் வடமேற்கே கடலிடையுள்ள லூயிஸ் தீவில், 1754ஆம் ஆண்டளவில் மக்கென்சி பிறந்தார். இளமையில் அத்தீவின் சுங்கப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். கணிதத்திற் பெருவிருப்புடையவர். மடக்கைக் கணிதத்தைக் கண்ட ஜோன் நேப்பியரின் வழித்தோன்றலாகிய நேப்பியர் பிரபு, தம் முன்னோரின் சரித்திரத்தை எழுத விரும்பினார். இந்துக்களின் பழைய கணித முறைகளைப் பற்றிய செய்திகளும் அந்நூலுக்கு வேண்டியிருந்தன. அவற்றைத் திரட்டும் பணியில் அவருக்கு உதவியவர் மக்கென்சி. 1773இல் பிரபு காலமாகவே அம்முயற்சி நின்றுபோயிற்று. ஆயினும் அதனால் எழுந்த வேட்கை நிற்கவில்லை. 1783ஆம் ஆண்டில், ஏறக்குறைய முப்பது வயதினராய்க் கிழக்கிந்தியக் கும்பினியின் சேவையிற் சேர்ந்து சென்னையில் வந்திறங்கினார்.

நேப்பியர் பிரபுவின் மகள் எஸ்தர் அம்மையார், கும்பினி உத்தியோகத்தராகிய தம் கணவர் ஜோன்ஸ்டனுடன் அக்காலத்தில் மதுரையில் வசித்தார். தந்தை தொடங்கிய சரித்திர வேலையை முற்றுவிக்க எண்ணிய அவர், மக்கென்சியை மதுரைக்கு அழைத்து, அங்கிருந்த கற்றறிந்த அந்தணரோடு பழகுவித்தார். தமிழ் வளர்த்த மதுரையிலேயே இவருக்கு இந்நாட்டுக் கல்வியின் முதற் சுவை கிடைத்தது என்பதை நினைக்க மகிழ்ச்சி உண்டாகின்றது. அவ்வம்மையாரின் மைந்தரே பிற்காலத்தில் இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன். மக்கென்சி தம் வாழ்க்கைச் செய்திகளை 1817இல் விரிவாக எழுதியனுப்பியதும் அவருக்கே. மக்கென்சியின் வரலாற்றை இன்று நாம் அறிவதற்குப் பெரிதும் துணைபுரிவது அக்கடிதமாகும்.

மதுரையில் முளைத்த ஆசை நெடுநாள் வரை காய்க்கவில்லை. போரும் இடமாற்றமும் பொருள் முட்டுப்பாடுமாகப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஒல்லாந்தர் வசமிருந்த கொழும்பை ஆங்கிலேயர் 1796 பெப்ருவரியிற் கைப்பற்றியபோது, அப்படையின் எந்திரிகளுக்குத் தலைவராய் இங்கு வந்தவர் மக்கென்சி. இலங்கையிலிருந்து திரும்பிய பின்னரே அவர் வாழ்க்கை திரும்பிற்று. அப்போதுதான் காவலி வெங்கட போரையா என்னும் தெலுங்கு அந்தண இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். இந்திய அறிவின் வாயில் தமக்குத் திறந்தது அவ்விளைஞராலேயே என்று மக்கென்சி பின்னர் ஒளியாமல் எழுதினார்.

போரையா வந்தபோது இருபது வயதளவினர். பன்மொழி அறிவும், அந்தணர் முதல் பட்டேல் வரை எவரிடத்தும் இனிது பேசிச் செய்தி பெறும் ஆற்றலும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின் மைசூர் நாட்டை அளக்கும் வேலை மக்கென்சியிடம் ஒப்புவிக்கப்பட்டது. நாற்பதினாயிரம் சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம்! மலையும் ஆறும் ஊரெல்லையும் குறித்தாற் போதும் என்று மேலிடம் எண்ணியிருக்க, இவர் கோயிற் கல்வெட்டுகளையும் ஊர் வரலாறுகளையும் சேர்த்துத் திரட்டினார். ஆங்காங்கிருந்த கன்னடக் கல்வெட்டுகளின் பழைய எழுத்தை வாசிக்கும் வழி கண்டவர் போரையாவே. 1803ஆம் ஆண்டில், முப்பது வயதும் நிரம்பாமல் அவர் காலமானார். அவருடைய தம்பி இலட்சுமையா தமையனாரின் இடத்தை ஏற்று, மக்கென்சியின் இறுதி வரை ஏடு தேடுவோர் யாவர்க்கும் தலைவராயிருந்தார்.

அவர்கள் ஏடு தேடிய முறை இது. மொழியறிவுடைய உதவியாளர் ஒவ்வொருவர் ஒவ்வொரு பகுதிக்கு அனுப்பப்படுவர். ஊர்க் கணக்கரிடத்தும் கோயில் ஐயரிடத்தும் பழைய பாளையக்காரர் குடும்பத்தாரிடத்தும் உள்ள ஏடுகளை விலைக்கோ இரவலுக்கோ பெறுவர். கொடார் எனின் இருந்து பிரதி செய்வர். ஏடே இல்லாத ஊரில் முதியோர் சொல்லும் வரலாற்றைக் கேட்டெழுதுவர். அங்ஙனம் எழுதியது கைபீது எனப்படும். திங்கள்தோறும் தாம் சென்ற ஊரும் கண்ட ஆளும் பெற்ற சுவடியும் குறித்து மக்கென்சிக்கு அறிக்கை விடுப்பர். வாசிப்பதற்கு எளிதாய்த் தோன்றும் இவ்வேலை செய்வதற்கு எளிதன்று. துரைமாரின் ஆட்கள் பழங்கணக்குக் கேட்கிறார்கள் எனின் புதுவரி வரப்போகின்றது என்றே ஊரார் அஞ்சினர். மானியம் பறிபோகும் என்று ஏட்டை ஒளித்தோரும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. என் இளமையில் எங்கள் வீட்டுப் பெட்டகத்திலே பாட்டனார் வைத்த ஏட்டுக்கட்டொன்று இருந்தது. கேட்டோர்க்கெல்லாம் இல்லை என்றே சொல்லி வந்தோம். கடைசியிற் பெட்டகத்தைத் திறந்தபோது அது செல்லரித்த பொடியாயிருந்தது. ஒளித்து வைத்தவர் வீட்டு ஏடுகள் பலவற்றின் கதி அதுவே. பிரதி செய்யக் கொடுத்தவர் வீட்டு ஏடு அழிந்தாலும், அதன் பிரதியாவது இன்று நூலகத்தில் உள்ளது.

இத்துணை முயற்சிக்கும் கும்பினியார் கொடுத்தது சிறிதே. உதவியாளர் பலரின் ஊதியமும் வழிச்செலவும் ஏட்டின் விலையும் பெரும்பாலும் மக்கென்சியின் கைப்பணம். பதினையாயிரம் பவுணுக்கு மேல் அவருக்குச் செலவாயிற்று என்று ஜோன்ஸ்டன் பின்னர் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் குழுவொன்றின்முன் கூறினார். 1811 முதல் இரண்டாண்டு ஜாவாவிற் கழிந்தது. அங்கே ஒல்லாந்த மரபினராகிய பெற்றோனெல்லா என்பாரை மணந்தார். 1815இல் இந்தியா முழுவதற்கும் தலைமை நில அளவையாளரானார். பதவி பெரிதாயிற்று, பண்டிதரையும் உடனழைத்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் பெயரவேண்டியதாயிற்று.

அவர் கண்டெடுத்தவற்றுள் அமராவதியும் ஒன்று. கிருஷ்ணை ஆற்றங்கரையில் அப்பௌத்தத் தூபியின் செதுக்குக் கற்களை அவர் முதன்முதற் கண்டது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். ஏறக்குறைய இருபது ஆண்டின்பின் மீண்டபோது, கற்கள் பல கட்டட வேலைக்குப் போய், மேட்டின் நடுவே குளம் வெட்டப்பட்டிருந்தது. எஞ்சியவற்றைப் படமாக எழுதுவித்தார். அச்சித்திரங்கள் இல்லையேல் தூபியின் அமைப்பை இன்று நாம் ஊகித்தறிதலும் அரிதாயிருக்கும்.

திரட்டியவற்றை முறைப்படுத்தி விளக்கப் பட்டியலொன்று தாமே வெளியிடவேண்டும் என்பது அவர் எண்ணம். அது நிறைவேறவில்லை. உடல் நலிந்து, கடற்காற்றை நாடிப் புறப்பட்ட வழியில், 1821 மே 8ஆம் நாள் கல்கத்தாவுக்கு அண்மையில் ஊக்ளி ஆற்றிலே உயிர் நீத்தார். தாம் பிறந்த தீவை அவர் மீண்டும் கண்டதில்லை.

மனைவியாரிடமிருந்து தொகுதி முழுவதையும் கும்பினியார் பதினாயிரம் பவுணுக்குப் பெற்றனர். பட்டியல் செய்தவர் வடமொழிவாணராகிய ஒறேஸ் வில்சன். அது 1828இல் வெளிவந்தது. இலக்கியச் சுவடிகள் 1568, ஊர் வரலாறுகள் 2070, கல்வெட்டுப் பிரதிகள் 8076, மொழிபெயர்ப்புகள் 2159, சித்திரங்கள் 2630, நாணயங்கள் 6218 என்று அது தொகை கூறுகின்றது. வில்சன் தென்னாட்டு மொழிகளை அறியாதவராதலால், தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளைப் பற்றி அவர் எழுதியவை மக்கென்சியின் பண்டிதர் செய்துவைத்த சுருக்கங்களைச் சார்ந்தவை. பட்டியலின் முகப்பிலே நிற்பது வில்சனின் பெயர்.

இலட்சுமையாவுக்கு நேர்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. இருபது ஆண்டுக்கு மேல் அத்தொகுதியோடு வாழ்ந்தவர் அவர். எந்த ஏடு எந்த ஊரில் எவரிடம் பெறப்பட்டது என்பதை அவரளவு அறிந்தவர் வேறொருவரும் இலர். மக்கென்சி விட்ட வேலையைத் தாம் தொடர்வதாக அவர் விண்ணப்பித்தார். அத்தகைய ஆராய்ச்சியை இந்தியர் ஒருவர் தலைமை தாங்கி நடத்தற்கியலாது என்று கல்கத்தா ஆசியச் சங்கத்தார் கருதவே, சுவடிகளை ஆராயும் வேலை சென்னையிலிருந்த உவில்லியம் தேலர் என்னும் பாதிரியாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. தேலர் உழைப்பாளி, அதனை மறுப்பார் இலர். ஆயினும் ஏட்டைத் தேடிக் கொணர்ந்தவர் வாயிலில் நிற்க, பின் வந்தவர் உள்ளே அமர்ந்தது நீதியாகுமா?

தொகுதியின் ஒரு பகுதி இலண்டன் சேர்ந்து இந்திய அலுவலக நூலகத்தில் இருந்தது. 1982 முதல் அது பிரித்தானிய நூலகத்தின் பொறுப்பில் உள்ளது. தென்னாட்டு மொழிச் சுவடிகளிற் பெரும்பகுதி சென்னை சேர்ந்து, 1869இல் தோன்றிய கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு அடிப்படையாயிற்று. கைபீதுகளிற் புனைகதை மலிந்துள்ளது என்று குறை கூறுவர் சிலர். உண்மையே. கொங்குதேச ராஜாக்கள் என்னும் தமிழ்ச் சுவடியை எடுத்துக்கொண்டாலும் அதன் ஆண்டுக்கணக்குகள் கல்வெட்டோடு பலவிடத்து முரணுகின்றன. ஆயினும் தம் ஊரைப்பற்றி ஊரார் எதனை நம்பினர் என்பதை அறிதற்கு அதனின் மேற்பட்ட சான்று யாது?

பிரித்தானிய நூலகத்தில் மக்கென்சியின் ஓவியம் ஒன்று இருக்கின்றது. தோமஸ் ஹிக்கி என்பார் 1816இல் தீட்டியது. செந்நிறப் படையுடை அணிந்து நடுவே நிற்கின்றார் மக்கென்சி. பின்னணியில் மலைமேற் கோமடேசுவரர் திருவுருவம். அருகில் இந்திய உதவியாளர் மூவர். ஒருவர் கையில் தொலைநோக்கி, ஒருவர் கையில் பனையோலைச் சுவடி. அதற்குப் பதின்மூன்று ஆண்டின் முன்னரே மறைந்துபோன போரையா அங்கு இலர். அவருடைய மற்றொரு தம்பியாராகிய இராமசுவாமி, தக்காணத்துப் புலவர் சரித்திரமொன்றை ஆங்கிலத்தில் எழுதி 1829இற் கல்கத்தாவில் வெளியிட்டார். நம் சைமன் காசிச்செட்டியின் தமிழ் புளூராக்குக்கு முப்பது ஆண்டு முந்திய அந்நூலில், புலவர் வரிசையிலே தம் தமையன் போரையாவையும் வைத்திருக்கின்றார்.