சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இந்தியக் கணிதவியலாளர் ஆவார். கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, பெரும்பாலும் முடிவுகளை மட்டும் குறிப்பேடுகளில் எழுதினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1914-இல் கேம்பிரிட்ச் சென்றார்; 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919-இல் நோயுற்றுத் திரும்பியவர், 32-ஆம் அகவையில் சென்னை சேத்துப்பட்டில் காலமானார்.

சமன்பாடு தீர்க்கும் முறை

இவருடைய எண்கோட்பாட்டுப் பணிகளே பெரிதும் பேசப்படுகின்றன. எனினும், நேரியல் அல்லாத சமன்பாட்டின் மிகச்சிறிய மூலத்தைக் காணும் முறை ஒன்றும் குறிப்பேடுகளில் உள்ளது. சமன்பாட்டின் கெழுக்களை முந்தைய உறுப்புகளுடன் பெருக்கிக் கூட்டி ஒரு தொடர் உருவாக்கப்படுகிறது. அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் மூலத்தை நெருங்குகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணையும் அதன் வர்க்கத்தையும் கூட்டினால் 1 வரவேண்டும் எனில், கிடைக்கும் தொடர் 1, 1, 2, 3, 5, 8, 13 என அமையும். 5/8 = 0.625, 8/13 = 0.615 என விகிதங்கள் 0.618-ஐ நெருங்கும். நியூட்டன்-ராப்சன் முறைக்கு வேண்டிய தொடக்க ஊகம் இதற்குத் தேவையில்லை (சிலேட்டுக்கு ஏற்ற முறைதான்!). கணினியிலும் சில வரி நிரலே போதும். ஆனால் மிகச்சிறிய மூலங்கள் இரண்டு ஒரே மட்டு மதிப்புடன் இருந்தால் விகிதம் பொதுவாகக் குவியாது.

குறிப்பேடுகளை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் 1957-இல் நிழற்படிகளாக வெளியிட்டது. அவற்றில் விடுபட்ட நிறுவல்களைப் புரூசு பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் வழங்கினார்.