வழி கணித்த வீராங்கனை மரீனா ரஸ்கோவா



பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கும் தேசப்படமும் எதுக்கு என்று கேட்கும் பெற்றோர் நம் தோட்டங்களில் இன்னும் ஒரு சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் வாழ்க்கையையே சொல்கிறேன், கேளுங்கள்.

மரீனா ரஸ்கோவா 1912-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் ரஷ்யாவின் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை பாட்டு வாத்தியார், தாயார் பள்ளி ஆசிரியை. மரீனாவுக்கு ஏழு வயதாகும்போது தந்தை காலமானார். குடும்பப் பாரம் முழுவதும் தாயார் தலையில் விழுந்தது. ஆனாலும் அந்தத் தாய் மகளின் படிப்பை நிறுத்தவில்லை.

பாடகியாக வேண்டும் என்பதே மரீனாவின் ஆசை. அது கைகூடவில்லை. இரசாயனம் படித்துச் சாயத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். திருமணமாகி 1930-இல் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்ள, மரீனா விமானப்படைக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் படம் வரையும் வேலையில் சேர்ந்தார்.

மற்றவர் கணக்குப் போட்டுக் கொடுப்பதை வரைவதுதான் அங்கே வேலை. சம்பளம் வந்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அந்தக் கணக்கையே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். ஆகாயத்தில் பாதை ஏது, மைல்கல் ஏது? திசை, வேகம், காற்றின் போக்கு, கடந்த நேரம், நட்சத்திரங்கள் ஆகியவற்றை வைத்து விமானம் எங்கே போகிறது என்று கணித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவரைத்தான் நேவிகேட்டர் என்பார்கள். 1933-இல் மரீனா சோவியத் விமானப்படையின் முதல் பெண் நேவிகேட்டர் ஆனார். மறு ஆண்டே அந்தக் கழகத்தில் பாடம் நடத்தவும் தொடங்கினார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

1938 செப்டம்பர் 24-ஆம் நாள் மூன்று பெண்கள் மாஸ்கோவிலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்தார்கள். கிரிசொதூபொவா, ஒசிப்பென்கோ என்ற இருவரும் விமானிகள். நேவிகேட்டர் மரீனா. வழியெல்லாம் மேகமும் குளிரும். 26 மணி நேரத்துக்கு மேல் பறந்து, ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் கடந்தபோது எண்ணெய் தீர்ந்தது. சதுப்பு நிலத்தில்தான் இறக்கியாக வேண்டும். மரீனாவின் இருக்கை விமானத்தின் மூக்குப் பகுதியில். அங்கே இருந்தால் உயிர் தப்பாது. ஆகவே பாராசூட் கட்டிக்கொண்டு காட்டுக்குள் குதித்தார். சட்டைப்பையில் இருந்ததோ கொஞ்சம் சாக்லேட்தான். பத்து நாள் தன்னந்தனியாக அலைந்து, விமானம் இறங்கிய இடத்தை நடந்தே கண்டுபிடித்தார்! மூவருக்கும் சோவியத் வீரர் என்ற உயர்ந்த விருது கிடைத்தது.

1941 ஜூன் மாதம் ஜெர்மனி சோவியத் நாட்டின் மீது படையெடுத்தது. விமானம் ஓட்டத் தெரிந்த பெண்கள் பலர் போருக்கு வர முன்வந்தார்கள். பெண்கள் வேண்டாம் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மரீனா சும்மா இருக்கவில்லை. தம் பேரையும் புகழையும் பயன்படுத்தித் தலைவர் ஸ்டாலினிடமே எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில் பெண்களுக்கென மூன்று விமானப் படைப்பிரிவுகள் அமைக்க உத்தரவு பிறந்தது.

வோல்கா நதிக்கரையில் எங்கெல்ஸ் என்ற ஊரில் பயிற்சி. நீண்ட பின்னலைக் கத்தரித்துவிட்டு, ஆண்களின் தொளதொளச் சட்டையும் பெரிய பூட்சும் மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் இரவு பகலாகப் படித்தார்கள். அவர்களில் 588-ஆம் பிரிவுக்குக் கிடைத்தவை, வயலுக்கு மருந்தடிக்கவும் பயன்பட்ட, மரமும் துணியும் கொண்ட சிறிய விமானங்கள். முன்னால் விமானி, பின்னால் நேவிகேட்டர். கும்மிருட்டில் இயந்திர ஓசையைக் குறைத்துச் சறுக்கி வந்து குண்டு போடுவார்கள். ஜெர்மன் சிப்பாய்கள் அவர்களை இரவுச் சூனியக்காரிகள் என்றே அழைத்தார்கள். போர் முடிவதற்குள் 23,000 தடவைக்கு மேல் பறந்தது அந்தப் பிரிவு. விமானி முதல் மெக்கானிக் வரை எல்லாரும் பெண்கள்!

இந்த வெற்றியைக் காண மரீனாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1943 ஜனவரி 4-ஆம் நாள், தாம் தலைமை தாங்கிய 587-ஆம் பிரிவின் விமானங்களை ஸ்டாலின்கிராட் போர்முனைக்கு அழைத்துச் செல்லும்போது, மோசமான வானிலையில் அவர் விமானம் வோல்கா கரையில் மோதி நொறுங்கியது. அப்போது வயது 30. வீட்டில் அவர் மகள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவருடைய அஸ்தி மாஸ்கோவில் கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது. தலைவியை இழந்த பெண்கள் கலங்கி நின்றுவிடவில்லை. அதே மாதம் போர்க்களம் போனார்கள். பின்னர் அந்தப் பிரிவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

போர் நல்லதென்று நான் சொல்லவில்லை. அது எந்தத் தாய்க்கும் வரக்கூடாத துன்பம். ஆனால் மரீனாவை அவ்வளவு தூரம் கொண்டு சென்றது துப்பாக்கியல்ல, பென்சிலும் தேசப்படமும்தான். அன்று அவர் தாயார், அப்பா இல்லாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று நிறுத்தியிருந்தால், மரீனா ஒருத்தி மட்டுமல்ல, அவர் பின்னால் பறந்த நூற்றுக்கணக்கான பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்குமோ என்னவோ!

பெற்றோர்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் உங்கள் மகளைப் பாருங்கள். பரிசு வாங்காமல் கீழே உட்கார்ந்து கைதட்டும் மகளையும் பாருங்கள். இருவரையுமே இடைநிலைப் பள்ளிக்கு அனுப்புங்கள். வழியை அவர்களே கணித்துக்கொள்வார்கள்.